பெரகல சந்தியில் நின்ற இத்தாலி வண்டி

முதல் உலகச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. மதராஸ் மவுண்ட் ரோட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் பிட்டராக இருந்தேன். ஒரு நாள் மானேஜர் கூப்பிட்டு, "சவரிமுத்து, இலங்கைக்கு ஒரு நடை போய்வர வேண்டும்" என்றார். பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்துரை எங்கள் பட்டறை வழியாக இத்தாலிப் பந்தயக் கார் வாங்கியிருந்தார். அதைப் பார்க்க அந்தக் கம்பெனி ஆளே கப்பலேறி வந்திருக்கிறாராம். மெசொப்பொத்தேமியாவில் இரண்டு வருஷம் லாரிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன், இங்கிலீஷும் கொஞ்சம் பேசுவேன் என்பதால் துணைக்கு என்னை அனுப்பினார்கள். "வழக்கமான சோதனைதான்" என்றார் மானேஜர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வந்தவர் பெயர் ஜொவானி. ஐம்பது வயதிருக்கும். கொல்லர் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். முன்கையெல்லாம் தீப்பொறி சுட்ட புள்ளிகள். தோல் பெட்டி ஒன்றைக் கையைவிட்டு இறக்கவே மாட்டார். கப்பலில் அதைத் தலைக்கு வைத்துப் படுத்தார். கொழும்பு ஸ்டேஷனில் ஒரு போர்ட்டர் அதைத் தொட்டதற்கு அவர் போட்ட சத்தத்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

மலை ரயிலில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தார். வழியில் ஒரு ஸ்டேஷனில் பருப்பு வடையும் தேத்தண்ணியும் வாங்கினேன். உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற ஊரில் பால் விட்ட தேநீர் கிடைக்கவில்லை. கறுப்பாக ஒரு சாயம், கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி. வடைக்குள் இருந்த மிளகாயைக் கடித்துவிட்டு ஜொவானி கண்ணீர் வழிய ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே சிங்களவர் வயல்கள் படிப்படியாக இறங்கின.

"எங்கள் ஊரிலும் நெல்தான்" என்றார்.

இத்தாலியில் நெல் விளையும் என்பது எனக்குப் புதுச் செய்தி. திருச்சியில் வாய்க்கால் கரையில் பிறந்தவன் நான். இந்த ஒரு சொல்லில் இருவருக்கும் நடுவில் இருந்த கதவு திறந்துகொண்டது. தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில், சுரங்கம் வரும்போதெல்லாம் நிறுத்தி, வெளிச்சம் வந்ததும் தொடர்ந்து, தன் கம்பெனியின் கதையை அவர் சொன்னார்.

அண்ணன் தம்பி இருவர் தொடங்கிய கம்பெனி. முதலில் அவர்கள் அப்பாவின் உலைக்களம், அதற்குப் பிறகு சைக்கிள், அதற்கும் பிறகு கார். அண்ணன் கணக்காக யோசிக்கிறவர். தம்பி எதையும் ஓட்டிப் பார்த்தே தீர்மானிக்கிறவர். மலைப் பந்தயங்களில் தம்பி வரிசையாக ஜெயித்தார். அதைப் பார்த்துத்தான் பணக்காரர்கள் வந்து வாங்கினார்கள். சண்டை வந்ததும் சர்க்கார் ஆகாய விமான எஞ்சின் செய்யச் சொன்னது. முப்பது பேர் இருந்த பட்டறையில் முன்னூறு பேர் ஆனார்கள். சண்டை முடிந்த மறுமாதம் ஆர்டர்கள் நின்றன. முன்னூறு பேருக்கும் வேலை தர வேண்டுமே என்று அண்ணன் மறுபடி பந்தயக் காரில் இறங்கினார். நல்ல எஃகு அப்போது கிடைக்கவில்லை. எங்கிருந்தோ வந்த எஃகை வாங்கிப் போட்டார்.

"அதை உலையில் வைத்து அடித்தவன் நான்" என்றார் ஜொவானி. "நல்ல எஃகைத் தட்டினால் மணி மாதிரிப் பாடும். இது பாடவில்லை. பெரியவரிடம் சொன்னேன். இப்போதைக்கு இதுதான் என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு அடித்தேன். பன்னிரண்டு வண்டிகளுக்கு ஸ்டியரிங் ஆர்ம் அடித்தேன்."

மோட்டார் தெரியாதவர்களுக்கு: ஓட்டுகிறவர் கையில் இருக்கும் வளையத்தின் திருப்பலை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற இரும்பு அது. ஒரு சாண் நீளம் இருக்கும். அது ஒடிந்தால் வளையம் எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு மலை வளைவில் அது ஒடிந்தது. தம்பி வண்டியோடு பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார்.

"செத்தவர் கண்ணை இந்தக் கையால் மூடிவிட்டேன்" என்றார்.

வெளியில் தெரிந்தால் கம்பெனி ஒரே வாரத்தில் மூடிவிடும். அதனால் அண்ணன் ரகசியமாகப் புது ஆர்ம்கள் செய்து, வழக்கமான சோதனை என்று சொல்லி மாற்றிவிட்டு வரும்படி ஆட்களை அனுப்பினார். தம்பியுடையது போக, பத்து வண்டிகளில் மாற்றியாகிவிட்டது. பன்னிரண்டாவது வண்டி பதுளைத் துரையுடையது. புது ஆர்ம் அந்தத் தோல் பெட்டிக்குள் இருந்தது.

"யாரிடமும் சொல்லாதே" என்றார்.

பண்டாரவளையில் மழை. ரயில் அப்போது பதுளைவரை போகவில்லை. தோட்டத்துக்கு நாலு மைல் மாட்டு வண்டியில் போனோம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்து வாசல்களில் பேச்சுக் கேட்டபோது கடல் தாண்டி வந்திருக்கிறோம் என்பதே மறந்துபோனது. ஒருத்தி "இந்தா, பொழுது போச்சு, வெரசா வா" என்று யாரையோ கூப்பிட்டாள். எங்கள் திருச்சிச் சந்தையில் கேட்கிற அதே குரல்.

கார் கொட்டகை காலியாக இருந்தது. துரை இல்லை. அங்கே நின்ற கங்காணி விவரம் சொன்னார்.

"தொர முந்தாநாளே பதுளைக்குப் போயிட்டாருங்க. காரு கிளீனர் முத்துக்கருப்பன் இருக்கானே, அவன் பெண்சாதிக்கு ரெண்டு நாளா பிரசவ வலி. மருத்துவச்சி கையை விரிச்சிட்டா. தொரதான், தூக்கி வண்டில போடுன்னு சொல்லி அவரே ஓட்டிக்கிட்டுப் போனாரு. தாயும் புள்ளையும் பொழச்சிக்கிட்டாங்களாம்."

இதை நான் இங்கிலீஷில் சொன்னேன். ஜொவானி, "எந்தப் பாதையில் போனார்கள்?" என்று கேட்டார். எல்ல என்கிற ஊர் வழியாக, வளைவெல்லாம் இறங்கி என்றார் கங்காணி. ஜொவானி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

பதுளைக்கு எங்களை ஏற்றிப் போனவர் காதர் நானா. முஸ்லிம் பெரியவர்களை அங்கே நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதுளைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தோட்டக் கடைகளுக்கு அரிசியும் கருவாடும் போடச் சொந்த லாரி ஓட்டினார். எல்ல தாண்டியதும் லாரி கொதித்து நின்றது. ரேடியேட்டர் குழாய் பிய்ந்திருந்தது. என் வேட்டிக் கரையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். ஓடைத் தண்ணீரை நானா கருவாட்டு வாளியில் மொண்டு ஊற்றினார். மீதி வழியெல்லாம் எஞ்சினிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். ஒவ்வொரு வளைவிலும் ஜொவானி தலையை நீட்டிப் பள்ளத்தைப் பார்த்தபடி வந்தார்.

மறுநாள் காலை பதுளை ரெஸ்ட் ஹவுஸ் வாசலில் அந்தக் காரைப் பார்த்தேன். சிவப்பு நிறம். நீளமான மூக்கு. இரண்டே பேர் உட்காரலாம். அவ்வளவு அழகான வண்டியை அதற்கு முன் நான் தொட்டதில்லை. ஒல்லியாக ஒரு ஆள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன்தான் முத்துக்கருப்பன்.

துரை வெளியே வந்தார். முப்பது வயது, சண்டையில் அடிபட்டு லேசாக நொண்டுகிற கால், கலகலப்பான முகம். ஜொவானியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்கள் வண்டி இரண்டு உயிரைக் காப்பாற்றியது, தெரியுமா?" என்று இங்கிலீஷில் சொன்னார்.

ஜொவானி தன் பாடத்தைச் சொன்னார். வழக்கமான சோதனை, இரண்டு மணி நேர வேலை. அவர் சொல் தடுமாறிய இடத்தில் எடுத்துக்கொடுத்தவன் நான்.

"இன்று முடியாது. கொஸ்லந்தையில் நண்பர்கள் கடிகாரத்தோடு காத்திருக்கிறார்கள். பெரகலையிலிருந்து இறக்கத்தில் எத்தனை நிமிஷத்தில் வருகிறேன் என்று பார்ப்பதாகப் பேச்சு. அடுத்த வாரம் தோட்டத்துக்கு வாருங்கள். வழக்கமானதுதானே?"

ஜொவானி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "வழக்கமானதுதான்" என்றார் அவர். துரை தொப்பி எடுக்க உள்ளே போனார்.

நான் முத்துக்கருப்பனைத் தனியாகக் கூப்பிட்டேன். "தம்பி, இன்னைக்கு இந்த வண்டியில ஏறாதீங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க."

"ஏங்க?"

"ஸ்டியரிங்ல கோளாறு இருக்கு."

அவன் துணியைப் பிழிந்தான். "வளைவுல லேசா இழுக்குறது எனக்கும் தெரியுதுங்க. ஆனா எம் பெண்சாதியத் தூக்கிட்டு ஓடுனது இந்த வண்டிதாங்க. தொர ஏறுன்னா, மாட்டேன்னு நான் எப்படிச் சொல்றது?"

துரை வந்துவிட்டார். முத்துக்கருப்பன் கைப்பிடியைச் சுற்றினான். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. அவன் துரைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். வண்டி போய்விட்டது.

நான் ஜொவானியிடம் திரும்பினேன். என் வாயில் வந்ததை அப்படியே எழுத முடியாது. அவர் ரெஸ்ட் ஹவுஸ் படியில் உட்கார்ந்து, "முன்னூறு பேர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் ஒரு கோழை" என்றார். பிறகு எழுந்து, "அந்த லாரிக்காரர் எங்கே?" என்று கேட்டார்.

நானாவுக்கு அன்று பண்டாரவளைக்குத்தான் சரக்கு. விஷயத்தை அவரிடம் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, இறக்கிவைத்த மூட்டைகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வண்டியில் ஏறினார். "வெறும் லாரிதான் சுறுக்கா ஓடும். ஏறுங்க" என்றார்.

துரை வழியில் பண்டாரவளையில் சாப்பிட இறங்குவார் என்று நம்பினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாப்பிட்டுக் கிளம்பி அரை மணி ஆகியிருந்தது. ஹப்புத்தளையில் மேகம் ரோட்டிலேயே படுத்திருந்தது. நானா ஹாரனை அடித்தபடியே ஓட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் பள்ளத்துப் பக்கம் உடைந்த மரம் தெரிகிறதா, சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஓரிடத்தில் ஒரு சிவப்பு தெரிந்தது. நிறுத்துங்க என்று கத்தினேன். யாரோ ஒரு பெண் பாறையில் காயப்போட்ட சேலை.

பெரகல சந்தியில் கார் நின்றுகொண்டிருந்தது.

கொஸ்லந்தை ரோட்டில் மழைக்கு மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. இருபது பேர் மண்வெட்டியோடு வேலை செய்தார்கள். ரோட்டு ஓவர்சியர் சிங்களத்தில் ஏதோ கத்தினார். "இன்னும் பத்து நிமிசத்துல கார் போகலாமாம்" என்றார் நானா. துரை ஒரு தேத்தண்ணிக் கடையின் ஓரத்தில் கோப்பையோடு நின்றார். முத்துக்கருப்பன் சக்கரத்துச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

நான் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன். காலையில் பாதிதான் சொல்லியிருந்தேன். இப்போது முழுதும் சொன்னேன், தமிழில்.

"இதே மாதிரி ஒரு வண்டில ஸ்டியரிங் ஒடிஞ்சு இவங்க மொதலாளியோட தம்பியே செத்துட்டாரு. உங்களுக்குப் பச்சப் புள்ள இருக்கு. தயவுசெஞ்சு ஏறாதீங்க."

"யார் செத்தது?"

கேட்டது முத்துக்கருப்பன் இல்லை. கோப்பையோடு நின்ற துரை.

எங்கள் மதராஸ் துரைகள் பத்து வருஷம் இருந்தாலும் 'ஜல்தி' என்பதைத் தாண்டி ஒரு சொல் கற்றதில்லை. இங்கே தோட்டத்துரைகள் ஆட்களோடு தினமும் தமிழில் பேசித்தான் வேலை வாங்குகிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"சொல். யார் செத்தது?" என்றார் மறுபடி. சிரிப்பு போயிருந்தது.

மறைத்திருக்கலாம். வேறொரு வண்டி என்று சொல்லியிருக்கலாம். என் வேலை அந்தப் பட்டறையில், அந்தப் பட்டறை இந்தக் கம்பெனியின் ஏஜண்டு. ஆனாலும் சொன்னேன். எஃகு, பன்னிரண்டு வண்டி, மலை வளைவு, தோல் பெட்டி, எல்லாவற்றையும்.

துரை நம்பவில்லை. "காலையில் வழக்கமான சோதனை என்றீர்கள். இப்போது பேய்க்கதை சொல்கிறீர்கள். என்னைத் தடுக்க யார் அனுப்பினார்கள்?" கோப்பையை வைத்துவிட்டுக் காரில் ஏறினார். மண் அள்ளியவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "முத்துக்கருப்பன், சுத்து" என்றார்.

ஜொவானி கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சேற்றில் மல்லாந்து படுத்து, முன் சக்கரத்துக்கு அடியில் தோள்வரை நுழைந்துகொண்டார். உள்ளேயிருந்து ஸ்பானர் சத்தம் கேட்டது.

துரை கத்தினார். முத்துக்கருப்பன் கைப்பிடியைத் தொடவில்லை. ரோட்டோரம் போய் ஒரு பெரிய கல்லை உருட்டி வந்து பின் சக்கரத்துக்கு முன்னால் வைத்தான்.

"கல்லை எடு."

"எடுக்க மாட்டேங்க தொர."

"ஏன்?"

"நீங்க நல்லா இருக்கணுங்க."

துரை கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு இறங்கி, கால் நொண்டக் கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

ஆர்ம் வெளியே வந்தது. பார்க்க எந்தக் குறையும் இல்லை. பளபளவென்று இருந்தது. துரை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஜொவானி என்னிடம் மண்ணெண்ணெய் கேட்டார். கடைக்காரர் விளக்கிலிருந்து ஊற்றினார். அதில் ஆர்மைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, துணியால் ஈரமே இல்லாமல் துடைத்தார். அடுத்தது எனக்கும் தெரிந்த வேலைதான். கடையில் வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து இரும்பின் மேல் பூசி, அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்தோம். விரிசல் இருந்தால், அதற்குள் புகுந்த எண்ணெய் சூட்டில் கசிந்து வெள்ளைப் பூச்சில் கோடு காட்டும்.

எல்லோரும் சுற்றி நின்றோம். மண்வெட்டிக்காரர்களும் வந்துவிட்டார்கள். சுண்ணாம்பு காய்ந்து வெளுத்தது. ஒன்றும் இல்லை. நானா மெல்ல ஏதோ ஓதினார். அடுப்பில் ஒரு விறகு வெடித்தது. இன்னும் ஒன்றும் இல்லை. துரை எழுந்தார்.

"பாருங்க" என்றான் முத்துக்கருப்பன்.

வளைகிற இடத்தில், மயிரிழை மாதிரி, ஈரமாக ஒரு கோடு வந்துகொண்டிருந்தது. வரவர நீண்டது. இரும்பை முக்கால் சுற்றுச் சுற்றி நின்றது.

ஜொவானி அதை எடுத்துப்போய் ரோட்டோரப் பாறையில் வைத்தார். சுத்தியலால் ஒரே அடி. ஓங்கிக்கூட அடிக்கவில்லை. ஆர்ம் இரண்டாகப் போய் விழுந்தது. முறிந்த முகத்தில் பெரும்பகுதி பழைய விரிசலின் கறுப்பு. ஓரத்தில் விரல் நகம் அகலத்துக்குத்தான் புது இரும்பு மினுங்கியது. அந்த நக அகலம்தான் அதுவரை தாங்கியிருக்கிறது.

முத்துக்கருப்பன் அப்படியே ரோட்டில் குந்திவிட்டான். "அன்னைக்கு எல்ல எறக்கம் பூரா இதுமேலதான் வந்தோம்" என்றான். "அவளை மடியில வச்சுக்கிட்டு, வெரசா ஓட்டுங்க, வெரசா ஓட்டுங்கன்னு நான்தாங்க தொரய வெரட்டினேன்."

துரை ஜொவானியிடம் ஒன்றுதான் கேட்டார். "காலையில் ஏன் சொல்லவில்லை?"

"பயம்."

"நான் இங்கே நிற்காமல் போயிருந்தால்?"

ஜொவானி தோல் பெட்டியைத் திறந்தார். புது ஆர்மை மாட்டி முடிக்க இரண்டு மணி நேரமாயிற்று. பாதை திறந்துதான் கிடந்தது. ஆனால் துரை கொஸ்லந்தைக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பி, மாட்டு வண்டி வேகத்தில் மேட்டில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். முறிந்த துண்டுகளைக் கூடவே எடுத்துப்போனார்.

அவற்றின் படத்தோடு அவர் சீமைப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதியதும், வருஷம் திரும்புவதற்குள் அந்தக் கம்பெனி மூடப்பட்டதும் பின்னால் எங்கள் மானேஜர் சொல்லித் தெரியவந்தது. சொல்லிவிட்டு என் கணக்கையும் தீர்த்து அனுப்பினார். முன்னூறு பேர் என்று ஜொவானி சொன்னது அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. செய்தது தப்பென்று இன்றுவரை தோன்றியதும் இல்லை.

பெரகலையிலிருந்து கிளம்பும்போது முத்துக்கருப்பன், "பதுளைக்குத்தானே போறீங்க. ஆஸ்பத்திரில செல்லாயின்னு கேட்டு, ஞாயித்துக்கெழம வந்துருவேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இந்த இரும்பு விசயம் எதுவும் சொல்ல வேண்டாங்க" என்று சொல்லியிருந்தான். மறுநாள் காலை போனேன். ஜொவானியும் வருவேன் என்று கூட வந்தார்.

செல்லாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளுத்த முகம். பக்கத்தில் துணிச் சுருளுக்குள் பெண் குழந்தை. சேதி சொன்னேன். தலையாட்டினாள். "இவரு யாருங்க?" என்று ஜொவானியைக் காட்டினாள்.

"அந்த வண்டி செஞ்ச கம்பெனிக்காரரு."

"இவரே செஞ்சாருங்களா?"

"இவரும் செஞ்சவருதான்."

அவள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். "அந்த வண்டி இல்லேன்னா நானும் இல்ல, இதுவும் இல்ல. அதைச் செஞ்ச கை நூறு வருசம் நல்லா இருக்கணும்."

"என்ன சொல்கிறாள்?" என்றார் ஜொவானி.

நன்றி சொல்கிறாள் என்று முடித்திருக்கலாம். ஒரு சொல்லை மழுப்பினால் என்ன ஆகும் என்று முந்தின நாள் பார்த்திருந்தேன். அவள் சொன்னதை ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் சொன்னேன்.

ஜொவானி இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு அசையாமல் நின்றார். கூச்சப்படுகிறார் என்று செல்லாயி நினைத்தாள் போல. சிரித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கி அவர் பக்கம் நீட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். அவள் நீட்டியபடியே இருந்தாள். வாங்கிக்கொள்ள அவர் கைகளை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.